சந்தேகக் கடன்: இல்லை

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, தலைவர் ஒரு கன்னத்தில் சவரம் முடித்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். ஒரு பெரிய மனிதரை ஏழு நாள் நுரையோடு நிறுத்தி வைப்பது பாவம். முதலில் அதை முடித்துவிடுவோம்.

முடித்தார். துடைத்தார். துடைத்த முகத்தைப் பார்த்து, இந்த முகத்தை நம்பித்தானே ஊரே பணம் போட்டிருக்கிறது என்று ஒரு கணம் நெகிழவும் செய்தார்.

அவர் தலைவராக இருக்கும், ஊர் பணம் போட்டிருக்கும் அந்த வங்கிக்குப் பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் கடைசிவரை படித்ததில்லை. எல்லாருக்கும் அது ‘நம்ம பேங்க்’. தையல்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா என்று கையில் கொஞ்சம் மிஞ்சியவர்கள் எல்லாரும் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாளாக அந்த வங்கியில் மேலிடத்து ஆய்வாளர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நடுத்தர வயதுப் பெண்மணி. வங்கிகளுக்கு நாடி பார்ப்பது அவர் உத்தியோகம். வந்ததும் அவர் கேட்ட முதல் காகிதம், திரும்பி வருவது சந்தேகம் என்று வங்கியே நினைக்கும் கடன்களின் பட்டியல். அவருக்குக் கொடுக்கப்பட்ட காகிதத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: இல்லை.

“பட்டியல் இன்னும் தயாராகலையா?” என்று கேட்டிருந்தார்.

“தயாரான பட்டியலே அதுதான் மேடம்,” என்றிருந்தார் தலைவர், பெருமையாக.

அதனால்தான் இன்று மாலைக்குள் புதிதாக ஒரு அறிக்கை வேண்டும் என்று உத்தரவு. அதில் தலைமைக் கணக்காளர் கையெழுத்துப் போட வேண்டும். பொய் எழுதினால் கணக்காளர் கம்பி எண்ண வேண்டியிருக்கும். உண்மை எழுதினால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது, வங்கி தொடங்கிய இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் எழுதிப் பார்க்காததால்.

அந்தக் கணக்காளர்தான் சாப்பாட்டு மேஜையில் அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவள். தலைவரின் மூத்த மகள். வீட்டில் அவரை அப்பா என்பாள். வங்கியின் மாடிப்படியில் கால் வைத்ததும் தலைவர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

“என்ன யோசனை? பேனா எழுதலையா?”

“பேனா எழுதுதுப்பா. எனக்குத்தான் எழுத வரலை.”

“போன வருஷம் என்ன எழுதினே?”

“இல்லைன்னு.”

“அதையே எழுது. கையெழுத்தாவது பழகின கையெழுத்தா இருக்கும்.”

“அப்பா, ஆறு பேர் ரெண்டு வருஷமா ஒரு தவணைகூடக் கட்டலை. பேக்கரிக்காரரு, லாரிக்காரரு, அந்தப் போட்டோ ஸ்டூடியோ…”

“கட்டலைன்னு யார் சொன்னா? காலாண்டுக்குக் காலாண்டு பழைய கடன் முடிஞ்சுதான் இருக்கு.”

“நாமே புதுக் கடன் கொடுத்து, அந்தப் பணத்தை நாமே வாங்கிப் பழைய கடன்ல வரவு வெச்சா, முடியாம என்ன பண்ணும்?”

அதற்கு மறுவாழ்வுத் திட்டம் என்று பெயர். தலைவர் வைத்த பெயர். கடன்காரர் கட்ட முடியாமல் விழிபிதுங்கும் நேரத்தில், முன்பைவிடக் கொஞ்சம் பெரிய கடனை அவர் தலையில் வைத்து, “எழுந்திரு தம்பி” என்று முதுகில் தட்டுவது. தட்டியதில் எழுந்தவர் இதுவரை யாரும் இல்லை. ஆனால் ஆண்டறிக்கையில் அதற்கு வண்ணப்படம் உண்டு.

“ஒருத்தர் பேரைச் சந்தேகக் கடன்னு எழுதுறது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா உனக்கு? நாளைக்கு அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

“அவங்க நம்ம முகத்துல முழிச்சே ரெண்டு வருஷம் ஆச்சுப்பா.”

அம்மா காபியோடு வந்தார். “காலங்கார்த்தால என்ன சத்தம்? பேங்கை இங்கயே தூக்கிட்டு வந்துட்டீங்களா? அங்க மின்விசிறி ஓடலையா?”

“உன் பொண்ணு ஊரைக் கெடுக்கப் பார்க்குறா.”

“அவ பேனாவைக்கூட மூடி போட்டுத்தான் வெப்பா. அவளா கெடுப்பா?” அம்மா கோப்பையை மகள் பக்கம் தள்ளினார். “குடிச்சிட்டுப் பேசு. வெறும் வயித்துல அப்பாகூட வாதாடாதே.”

பெரியவள் ஒரு வாய் குடித்தாள். “ஒரு விஷயத்துல மட்டும் நிம்மதி. இந்த ஆறு பேர்ல நம்ம சின்னவன் இல்லை. அவனும் இருந்திருந்தா எனக்குக் கை ஓடியிருக்காது.”

தலைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சின்னவன் அவளுடைய தம்பி. குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறேன் என்று நம்ம பேங்கில் கடன் வாங்கியவன். கடன் முதலில் அவன் பெயரில் இருந்தது. பிறகு மறுவாழ்வு பெற்று அவன் மனைவி பெயருக்குப் போனது. போன காலாண்டு முடிவில், பெரியவள் பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்த நேரத்தில், அந்தக் கடன் முடிந்துவிட்டது. இயந்திரங்களை விற்றுக் கட்டிவிட்டான் என்று தலைவர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார். தையல் வலியோடு பெரியவள் சிரித்தது அன்றுதான்.

*

வங்கி முதல் மாடியில். கீழே கண்ணாடிக் கடை, பக்கத்தில் பல் டாக்டர். தலைவரின் அறையில் தலைவரின் படம் மூன்று இருந்தது. நேரிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் அறையில் அவர் நான்கு பேர்.

ஆய்வாளர் தன் தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டுவந்திருந்தார். வாயில் இருமல் மாத்திரையை அதக்கிக்கொண்டு பேசினார். அதனால் அவர் கேட்பது எதுவும் முதலில் மிரட்டலாகத் தெரியாது.

“கடன் வராமப் போனா சமாளிக்கிறதுக்கு லாபத்துல கொஞ்சம் எடுத்துத் தனியா ஒதுக்கி வைக்கணும் இல்லையா? அந்த ஒதுக்கீடு எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே அவர் ஒரு பதிலை வருஷக்கணக்கில் மெருகேற்றி வைத்திருந்தார். “மத்த பேங்குல ஒதுக்கீடு வைப்பாங்க. நாங்க மனுஷங்க மேல நம்பிக்கை வெச்சிருக்கோம்.”

“சரி. அது எந்தக் கணக்குல வருது?”

தலைவர் மகளைப் பார்த்தார். மகள் மேஜையைப் பார்த்தாள்.

“மேடம் எங்க ஆண்டறிக்கையைப் பார்க்கணும்,” என்றார் தலைவர், தானே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியில். வழவழப்பான புத்தகத்தை எடுத்து நீட்டினார். “பதினாலு பெண் தொழில்முனைவோரை உருவாக்கியிருக்கோம். பெரிய பெரிய பேங்கெல்லாம் பேசுவாங்க. நாங்க செஞ்சிருக்கோம்.”

“நல்ல விஷயம். ஒருத்தரை நேர்ல பார்க்கலாமா?”

“தாராளமா! யாரை வேணும்னாலும் பாருங்க.”

தலைவரின் வாழ்க்கையில் எல்லா விபத்துகளும் இந்தத் ‘தாராளமா’வில்தான் ஆரம்பித்திருக்கின்றன. பேக்கரிக்காரர் மனைவியைப் பார்க்கச் சொல்லலாம், அந்த அம்மாள் நன்றாகப் பேசுவார் என்று அவர் மனத்துக்குள் ஏற்பாடு செய்து முடிப்பதற்குள், ஆய்வாளர் கடன் பட்டியலில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்துவிட்டார்.

“இவங்க. குளிர்பதனக் கிடங்கு நடத்துறாங்கன்னு இருக்கு. வீடு பக்கத்துத் தெருதான் போல.”

பெரியவள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் கடைசியாகப் படித்தது தன்னுடைய பிறப்புச் சான்றிதழில். தாயார் பெயர் என்று போட்ட இடத்தில்.

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க… ஊர்ல இல்லைங்க,” என்றார்.

கேஷியர் அப்போதுதான் ஒரு கையெழுத்துக்காக உள்ளே வந்திருந்தார். நல்ல மனிதர். உண்மையை எந்த நேரத்தில் சொல்லக்கூடாது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. “இப்பத்தானே சார் மருந்துக் கடையில பார்த்தேன்? சாருக்கு மத்தியானத்துக்கு டிபன் கேரியர் அனுப்பட்டுமான்னுகூடக் கேட்டாங்களே.”

ஆய்வாளர் பாட்டிலை மூடிக் கைப்பையில் வைத்தார். “போலாமா?”

*

அம்மா ஈரக் கையோடு கதவைத் திறந்தார். “வாங்கம்மா, வாங்க. என்னங்க இது, சொல்லாம கொள்ளாம விருந்தாளியைக் கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க? உட்காருங்க, காபி போடுறேன்.”

“வேண்டாங்க. நாங்க போற இடத்துல எதுவும் வாங்கிக்கக் கூடாது.”

“ஒரு வாய் காபிகூடவா லஞ்சத்துல சேரும்? என் காபியைக் குடிச்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.”

ஆய்வாளர் சிரித்தார். சிரித்தபடியே கேட்டார். “உங்க குளிர்பதனக் கிடங்கு எப்படிங்க போகுது?”

அம்மாவின் கை முந்தானையில் நின்றது. கணவரைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை. மகளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாவுக்கு எந்தக் காகிதத்தையும் யாரும் படித்துக் காட்டியதில்லை. ஆனால் முகம் படிக்கத் தெரியும். ஒரே மூச்சில் இரண்டு முகத்தையும் படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போகுதும்மா. ஏதோ நடத்துறேன்.”

“என்னென்ன வெப்பீங்க உள்ளே?”

“உருளைக்கிழங்குதான்.”

“எவ்வளவு குளிர்ல வெப்பீங்க?”

“கெடாத அளவுக்கு.”

ஆய்வாளர் மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். இதைவிடச் சரியான பதிலைத் தொழில் தெரிந்தவர்கூடச் சொல்லியிருக்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். “மாசம் எவ்வளவு நிக்குது?”

“அந்தக் கணக்கெல்லாம் என் பையன்…” அம்மா நிறுத்திக்கொண்டார்.

“பையனா?”

“போதும், விடும்மா,” என்றாள் பெரியவள். “மேடம், எங்கம்மாவுக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கிடங்கு என் தம்பியோடது. பூட்டி ஒன்றரை வருஷம் ஆகுது. கடன் அவன் பேர்ல இருந்துச்சு, அப்புறம் அவன் பொண்டாட்டி பேருக்குப் போச்சு. அதைத்தான் இப்ப எங்கம்மா பேர்ல கொண்டுவந்து வெச்சிருக்காங்க. கட்டி முடிச்சிட்டான்னு நான் நம்பிக்கிட்டிருந்தேன்.”

“நீ வாயை மூடு!” என்றார் தலைவர். “யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா?”

“தெரியுதுப்பா. இது வீடு. இங்க நீங்க தலைவர் இல்லை.”

அம்மா கணவரைப் பார்த்தார். “அன்னிக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினீங்களே, அதுவா?”

“ஒரு ஏற்பாடுதான்… மூணு மாசத்துல மாத்திடலாம்னு…”

“நீங்க விரல் வெச்ச இடத்துல கையெழுத்துப் போட்டேன். என்னைக்குத்தான் நான் என்ன ஏதுன்னு கேட்டிருக்கேன்?” அம்மா ஆய்வாளர் பக்கம் திரும்பினார். “எவ்வளவும்மா?”

“முப்பத்தெட்டு லட்சம்.”

அம்மா கையை விரித்துப் பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல என் பேர்ல ஒரு குடை வாங்கித் தந்ததில்லைங்க நீங்க,” என்றார். “கடைசியில வாங்கித் தந்தது இதுதானா?”

தலைவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். ஆண்டு விழா மேடையில் எழுதி வைக்காமலே ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்.

*

திரும்பும் வழியில் தலைவர் முன்னால் வேகமாக நடந்துவிட்டார். ஆய்வாளர் பெரியவளோடு மெல்ல வந்தார்.

“என்னம்மா, மனசுக்குள்ள கூட்டிப் பார்த்துட்டீங்களா?”

“பார்த்துட்டேன் மேடம். ஏழு கடன். முழுசா ஒதுக்க வேண்டாம், பாதி ஒதுக்கினாலே பேங்கோட சொந்தப் பணம் அவ்வளவும் போயிடும். அதுக்கு மேல போச்சுன்னா, போட்டு வெச்சவங்க பணத்துலதான் கை வைக்கணும்.”

“அந்த அளவுக்குப் போகாம பார்க்கலாம். வேற ஒரு பெரிய பேங்கோட சேர்த்துடறதுக்கு வழி இருக்கு. போட்டவங்களுக்கு ஒரு காசு குறையாது. ஆனா அதுக்கு ரெண்டு வேணும். ஒண்ணு, உங்க அறிக்கை உண்மையா இருக்கணும். நோயை மறைச்சா யாரும் சேர்த்துக்க மாட்டாங்க.”

“இன்னொண்ணு?”

“நாலு நாள் ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க. ஒரே நேரத்துல வந்து கேட்டா எந்த பேங்காலயும் கொடுக்க முடியாது, நல்ல பேங்காலயும் முடியாது. அதனால யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

“சரிங்க மேடம்,” என்றாள் பெரியவள்.

அவள் அதைச் சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ‘யார்கிட்டயும்’ என்ற சொல்லில் தம்பி அடங்குவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நம் எல்லார் வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய ரசீதுக் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போன் செய்தாள்.

“அக்கா! சொல்லுக்கா. சாப்பிட்டியா?”

“அம்மா பேர்ல எதுக்குடா வெச்சே?”

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்க்கா. அப்பாதான் ‘உன் அக்கா படுத்திருக்கிறப்பவே முடிச்சிடலாம்’னாரு.”

“படுத்திருக்கிறப்பவேயா?”

“திட்டுக்கா. நல்லாத் திட்டு. நான் வாங்கிக்கிறேன்.”

திட்டத்தான் கூப்பிட்டிருந்தாள். ஆனால் திட்டு என்று ஒருவன் குனிந்து நின்றால் எங்கே அடிப்பது? குரல் தானாகத் தணிந்துவிட்டது. “இன்னிக்கு உன் கடனை எழுதிடப் போறேன்டா. எழுதினா கிடங்கை எடுத்துப்பாங்க. உனக்கு வேற எதுவும் மிஞ்சாது. முன்னாடியே சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன். எழுதின பிறகு வேற யாரோ சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது.”

“புரியுதுக்கா. நீ உன் வேலையைப் பாரு.” மிருதுவாகக் கேட்டான். “அப்ப பேங்குக்கு என்னக்கா ஆகும்?”

சொன்னாள். ஏழு கடன், சொந்தப் பணம் போவது, பெரிய வங்கியோடு சேர்ப்பது, நாலு நாள், எல்லாவற்றையும். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“யார்கிட்டயும் சொல்லிடாதேடா.”

“சே, நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்? உன் மனசு எனக்குத் தெரியும். நீ தைரியமா எழுது.”

பெரியவள் போனை வைத்துவிட்டு, ரசீதுக் கட்டுகளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். தம்பிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. இருபது வருஷமாக ஊர்க் கணக்கைப் பார்ப்பவள். தம்பி கணக்கில் மட்டும் கூட்டல்தான் போடுவாள், கழித்தல் போட வராது.

*

தலைவர் தன் அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆய்வாளர். பெரியவள் அறிக்கையை மேஜையில் வைத்தாள். சந்தேகக் கடன் என்ற தலைப்பின் கீழே ஏழு பெயர்கள். ஏழாவது அம்மாவின் பெயர்.

தலைவர் படித்தார். திருப்பி வைத்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். தலைவர் கையெழுத்து இல்லாம இது வெறும் காகிதம். எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க.”

ஆய்வாளர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “உங்க கையெழுத்து இதுக்கு வேண்டாமே சார்.”

“கீழே ‘தலைவர்’னு கொட்டை எழுத்துல இடம் போட்டிருக்கே, தெரியலையா?”

“நாங்க அனுப்புற படிவத்துல அப்படி ஒரு இடமே கிடையாது. நீங்க அச்சடிக்கக் கொடுக்கும்போது சேர்த்திருப்பீங்க போல.” கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் கணக்காளர் என்று மட்டும் இருந்தது. “போட்டாலும் தப்பில்லை. சில பேர் பூ வரைஞ்சுகூட அனுப்புவாங்க.”

தலைவர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளியில் மூடி போட்ட பேனாவால், வருஷத்துக்கு ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு அவர் போட்ட கையெழுத்துகள். ஒன்றுகூடத் தேவைப்பட்டதில்லை. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. சட்டைக்குள் ஆள் கொஞ்சம் சிறுத்துவிட்டது போலிருந்தது.

“பெரியவளே,” என்றார். வங்கிக்குள் அவர் அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. “எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தானே போட்டாங்க?”

“தெரியும்ப்பா. அவங்களுக்காகத்தான் எழுதுறேன்.”

போட்டாள். பழகின கையெழுத்துதான். ஆய்வாளர் அதை வாங்கி மடிக்காமல் உறையில் வைத்தார்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. கேஷியர் தலையை நீட்டினார். “மேடம், கொஞ்சம் கவுண்டர் பக்கம் வரீங்களா? சின்னவர் வந்திருக்காரு.”

பெரியவள் பேனாவை மூடினாள். மனசு கேட்காமல் ஓடி வந்திருக்கிறான். அப்பாவைத் தனியாக விட வேண்டாம் என்று வந்திருப்பான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சின்னவன் கவுண்டர் ஜன்னலில் நின்றிருந்தான். தோளில் பயணப் பை, காலியாக. கையில் அவன் மனைவியின் வைப்பு நிதி ரசீது, அவள் கையெழுத்தோடு. அவனுக்குப் பின்னால் அவன் மாமனார். அவருக்குப் பின்னால், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே வந்து சேர்ந்துகொண்ட தையல்காரர். நர்ஸம்மா படியேறி வந்துகொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு வருஷம் கெடு இருக்கேடா இதுக்கு,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“வட்டி போனாப் போகுதுக்கா.”

“யார்கிட்டயும் சொல்லாதேன்னேனே.”

“சொல்லலைக்கா, சத்தியமா. மாமாகிட்ட மட்டும்தான். அவர் என்ன வெளி ஆளா?”

கேஷியர் அவள் காதருகே குனிந்தார். “கடனுக்கு ஈடா இதை நிறுத்தி வெக்க முடியாதா மேடம்?”

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். கடன் இன்னும் அவன் மனைவி பெயரில் இருந்திருந்தால், இந்த ரசீதை அப்படியே கடனில் கழித்துக்கொள்ளலாம். சட்டமே இடம் தரும். ஆனால் கடன் அம்மா பெயரில் இருக்கிறது. மனைவி பெயர் பளிங்கு போலச் சுத்தம். மறுவாழ்வுத் திட்டத்தில் எழுந்து நின்றது அது ஒன்றுதான்.

“முடியாது,” என்றாள். “கொடுக்கணும்.”

“இவருக்குக் கொடுத்தா அடுத்தவருக்குப் பாதிதான் இருக்கு மேடம் பெட்டியில.”

“மெல்லப் பேசுங்க.” தையல்காரர் இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் இந்த ஜன்னல் வழியாக வெளியே போனால், அது படியிறங்குவதற்குள் வங்கி முடிந்துவிடும். “எழுந்திருங்க. நான் கொடுக்கிறேன்.”

கேஷியரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டுகளை எடுத்து அவசரமில்லாமல் அடுக்கினாள். தலைவரின் அறை வாசலில் ஆய்வாளர் வந்து நின்றிருந்தார், கையில் உறையோடு. அவருடைய கன்னத்தில் மாத்திரை அசையவில்லை.

“எண்ணிப் பார்த்து வாங்கிக்கோ,” என்றாள் பெரியவள்.

“நீ கொடுத்ததை எண்ணுவேனாக்கா? உன்மேல நம்பிக்கை இல்லாமலா?”

கட்டுகளைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தான். அவன் ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்பே அவன் மாமனாரின் கை உள்ளே வந்துவிட்டது, ரசீதோடு. மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடி இல்லை.

“அடுத்து யாருங்க?” என்றாள் பெரியவள், சிரித்த முகத்தோடு.